எஸ்தர் டாக்டரும் ஓர் ஊசிப் பொய்யும்

எங்கள் மாட்டு வைத்தியர் எஸ்தர் டாக்டர் போய்விட்டார் என்கிற செய்தி வந்த வழியே எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் காலனியில் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா கேட்டைத் திறந்து போனை நீட்டினார். காலனி வாட்ஸ்அப் குரூப்பில் டாக்டரின் படம், சுற்றிலும் பூ, கீழே "தன்னலமற்ற சேவை செய்த மாமனிதர்" என்று ஒரு பாராட்டு. தூக்கத்திலேயே மாரடைப்பாம். பாராட்டைப் போட்டவர் நலச்சங்கத்துச் செகரட்டரி சார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

ஏனென்றால் அதே குரூப்பில், அதே கையால், டாக்டரைப் பற்றி அவர் முன்பு எழுதிய ஒரு வரி இன்னும் அப்படியே இருக்கிறது. பால் சங்கத்தில் இந்த நினைவு மலருக்கு இரண்டு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தில் கை வைக்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். செகரட்டரியின் பெயரைப் போடக் கூடாது என்றார்கள். போடவில்லை. ஆனால் காலனிக்கு ஒரே ஒரு செகரட்டரிதான்.

முடிச்சூரில் மாடு வைத்திருப்பவர்கள் டாக்டரை எப்படிப் பிடிக்கிறோம்? தீவனக் கடைக்காரர் ஒருவரைச் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரி ஒருவரைச் சொல்வாள். என் செவலை மாடு தீனி எடுக்காமல் நின்றபோது நானும் அப்படித்தான் அலைந்தேன். ஒருவர் போனிலேயே மருந்து சொன்னார். இன்னொருவர் வந்து, மாட்டைத் தொடாமலே ஊசி போட்டுவிட்டுப் போனார். மூன்றாவதாக வந்தவர் எஸ்தர் டாக்டர். வந்ததும் நேராக மாட்டின் பின்பக்கம் போய், குனிந்து சாணியைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, மூஞ்சி இந்தாண்ட கீது" என்றேன்.

"மூஞ்சி ஏமாத்தும் மல்லிகா. இது ஏமாத்தாது."

வயிற்றில் காது வைத்தார், தட்டினார், அமுக்கினார். கடைசியில், "உள்ள என்னவோ இருக்கு. என்னன்னு எனக்குத் தெரியல. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்து, நானும் வரேன்" என்றார். குட்டியானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டியில், மாட்டின் மூச்சுக் காற்று முகத்தில் அடிக்க, என்னோடு நின்றுகொண்டே வந்தார். அங்கே வயிற்றைக் கிழித்துப் பாலிதீன் பைகளை உருண்டையாக எடுத்தார்கள். தெருவில் நாம் போடும் அதே பைகள். திரும்பும்போது சொன்னார்: "தெரியலன்னு சொல்ற டாக்டர விட்டுடாத. எல்லாம் தெரியும்னு சொல்றவங்க கிட்ட உன் மாட்டக் குடுக்காத." அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன், இனி என் கொட்டகைக்கு வேறு டாக்டர் கிடையாது என்று.

அவருடைய கிளினிக்கில் பின்பக்கம் மாடு கட்ட இடம், உள்ளே நாய் பூனைக்கு ஒரு மேஜை. வந்த வரிசை என்பது அங்கே இல்லை. எது தாங்காதோ அது முதலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்றுக்குட்டிக்கு வயிற்றுப் பூச்சி மருந்து வாங்கப் போயிருந்தேன். செகரட்டரி சார் தன் நாய் ராக்கியோடு உட்கார்ந்திருந்தார். ராக்கிக்குக் காதில் அரிப்பு. அந்த நேரத்தில் தாம்பரத்தில் கறிக்கடை வைத்திருக்கும் காதர் பாய், வயிறு உப்பிய ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். டாக்டர் ஆட்டைக் கூப்பிட்டார்.

செகரட்டரி எழுந்துவிட்டார். "டாக்டர், அது வெட்டப்போற ஆடு."

"தெரியும் சார். வெட்டற வரைக்கும் அது என் பேஷன்ட்."

"ஆட்டுக்கு டைம் கம்மி சார், அதான் அர்ஜென்ட்டு" என்றார் பாய்.

கிளினிக்கே சிரித்தது. ராக்கிகூட வாலை ஆட்டியது. சார் மட்டும் சிரிக்கவில்லை.

குழாய் விட்டு ஆட்டின் காற்றை இறக்கியதும் டாக்டர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். செகரட்டரியின் கண் முன்னால் கவரைக் கிழித்துப் புது ஊசியை எடுத்தார். ராக்கியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவரே சார்தான். நான் பார்த்தேன், பாய் பார்த்தார், அவரும் பார்த்தார்.

அன்று சாயங்காலம் குரூப்பில் அவர் எழுதிய வரி இது: "ஆடு மாடுகளுக்குப் போட்ட ஊசியையே நம் நாய்களுக்கும் போடுகிறார், ஜாக்கிரதை."

அவ்வளவுதான். காலனி நாய்களெல்லாம் காரில் ஏறி ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் வேறு டாக்டரிடம் போக ஆரம்பித்தன. நான் கேட்டுக்கு கேட் நின்று நடந்ததைச் சொன்னேன். பால்காரி யாரையாவது வம்புக்கு இழுப்பது வழக்கம்தானே என்று சிரித்துக்கொண்டே சொம்பை நீட்டினார்கள். டாக்டரிடம் போய், "ஒரு வார்த்த கேளுங்க டாக்டரம்மா. நானும் வரேன், சண்டைக்கு எனக்குக் கூலி கூட வாணாம்" என்றேன்.

"நாய்ங்களுக்கு என்மேல கோவம் இல்ல மல்லிகா, அது போதும். அவருக்குப் பதில் எழுதற நேரத்துல ஒரு கன்னுக்குட்டியப் பாத்துடுவேன்."

நாய்கள் வராததால் சாயங்காலத்தில் கிளினிக் திறப்பதை நிறுத்தினார். ஆனாலும் நாய் ஏறாத அந்த மேஜையைத் தினமும் துடைத்து வைத்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் செகரட்டரி வீட்டுப் பாலில் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டால் என்ன என்று தோன்றும். விடவில்லை. மாட்டுக்குக் கெட்ட பெயர் வரும்.

இப்போது அவரோடு வேலை பார்த்த நித்யா டாக்டர் கிளினிக்கைத் தொடரப் பார்க்கிறார். அடக்கம் முடிந்த மறுநாள் என்னிடம் கேட்டார்: "அக்கா, போர்டுல மேடம் பேர எடுத்துட்டா காலனில இருந்து வருவோம்னு சொல்றாங்க. மாட்ட மட்டும் நம்பி என்னால நடத்த முடியாது. மூடிட்டுப் போகணும், இல்ல பேர எடுக்கணும். என்ன செய்யட்டும்?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் வேறு.

சர்ச் ஹாலில் நினைவுக் கூட்டம். செகரட்டரி சார் வெள்ளைச் சட்டையில் வந்து மைக்கைப் பிடித்தார். "டாக்டர் எஸ்தர் எங்க காலனியோட செல்லங்களுக்கெல்லாம் தாய் மாதிரி..." என்று தொடங்கினார். நான் எழுந்தேன்.

"சார், குரூப்ல ஒண்ணு எழுதினீங்களே, அது பொய்னு ஒரு வரி போட்டுட்டு மேல பேசுங்க. நாங்க எங்கயும் போவல, குந்திகினுதான் இருப்போம்."

"பழச ஏம்மா கிளறற? எல்லாரும் மறந்துட்டாங்க."

"மறந்திருந்தா நாயக் கூட்டினு வந்திருப்பாங்களே சார்."

"நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தாத மல்லிகா."

"நாலு பேரு முன்னாடிதான சார் எழுதினீங்க? தனியா எழுதியிருந்தா நானும் தனியா வந்து கேட்டிருப்பேன்."

பின் வரிசையில் காதர் பாய் எழுந்து நின்றார். அப்புறம் தீவனக் கடைக்காரர். அப்புறம் டீச்சரம்மா. செகரட்டரி சார் மைக்கை வைத்துவிட்டு வெளியே போனார். டாக்டரின் தங்கை என் கையைப் பிடித்து, "விடுங்கக்கா, எங்க அக்கா எப்பவோ மன்னிச்சிட்டா" என்றார்.

"அவங்க மன்னிச்சாங்கம்மா. நான் மன்னிக்கல."

டாக்டரைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொள்கிறேன்: போர்டில் அவர் பெயர் இருக்கட்டும். டீச்சரம்மா தன் பூனையை நித்யாவிடம் காட்டிவிட்டு வந்தார். வேறு இரண்டு வீடுகளும் போயிருக்கின்றன. நீங்களும் ஒரு முறை போய், கவரைக் கிழித்து ஊசி எடுப்பதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு எந்த டாக்டர் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது மாட்டைப் பார்க்கும் பார்வை. அவருடைய பொறுமையை வைத்துக்கொள்ள என்னிடம் இடமில்லை. அந்தப் பொய் இன்னும் குரூப்பில் இருக்கிறது. அதனால் தினமும் காலையில் ஒவ்வொரு கேட்டிலும் அந்த ஞாயிற்றுக்கிழமையை முழுதாகச் சொல்கிறேன். செகரட்டரி வீட்டு வாசலில் மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன், சாருக்கு மாடி வரைக்கும் கேட்க வேண்டும் அல்லவா? அவர் அந்த வரியை எடுக்கிற வரைக்கும் அவர் வீட்டுக்குப் பாலும் உண்டு, கதையும் உண்டு.