தொங்கிக் கிடந்த ஒயர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று அம்மா சொல்வாள். நான் மறுத்ததில்லை. சிவகாசியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சகம் அச்சகமாகப் போய், பிரிண்டர் ஓடவில்லை, நெட் வரவில்லை என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சரிசெய்து கொடுக்க வேண்டும். "நாங்க ஒண்ணுமே செய்யலம்மா, அதுவா நின்னு போச்சு" என்பார்கள். எதுவும் அதுவாக நிற்காது. யாராவது எதையாவது பிடுங்கியிருப்பார்கள். "கடைசியா இதுல யாரு கை வச்சது?" என்று நான் கேட்கிற தொனிக்கே பாதிப் பேர் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

வீடு திருத்தங்கலில். நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற ரூமில் இருந்தாள். தூரத்தில் டமார் என்று எது கேட்டாலும் வாசலுக்கு ஓடிவந்து எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். கல்யாண வீட்டு வேட்டு என்று தெரிகிற வரைக்கும் கை வேலையில் ஓடாது. வேலையை விடு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது. "உனக்கு நெலையா ஒரு வேல கெடைக்கட்டும். அன்னைக்கே நின்னுக்கிடுறேன்" என்பாள். கடைச் சம்பளத்தை அவள் நிலையான வேலையில் சேர்க்கவில்லை. அதிலும் தப்பில்லை.

அப்படியிருக்கும்போதுதான் சென்னையில் ஒரு கம்பெனி என்னைக் கடைசி நேர்காணல் வரைக்கும் வரவிட்டது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. ஊர் ஊராக இருக்கும் கடைகளில் நெட் நின்றுபோனால் போனில் பேசிச் சரிசெய்து தரவேண்டும். நேர்காணல் வீடியோவில், காலை பதினொரு மணிக்கு. என் பழைய கம்ப்யூட்டரில் கேமரா கிடையாது என்பதால் கடையில் ஒரு லேப்டாப்பை இரவல் வாங்கி வந்தேன். மேசையைக் காலி செய்து கம்ப்யூட்டரைப் பரணில் ஏற்றினேன். முதல் நாளே வைஃபையில் எல்லாம் போட்டுப் பார்த்தேன், நன்றாக ஓடியது.

அன்று சாயங்காலம் இடி இடித்தது. முதல் இடிக்கே அம்மா டிவி, ஃபிரிட்ஜ், நெட் பெட்டி என்று வீட்டில் இருக்கிற அத்தனை பிளக்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டாள். அது எப்போதும் நடப்பதுதான். மறுநாள் காலையிலும் வானம் மூட்டமாகவே இருந்தது. மருந்து காயாது என்பதால் அம்மாவுக்கு வேலை இல்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் பிடுங்கியதையெல்லாம் அவளே திரும்ப மாட்டி வைத்திருந்தாள்.

பத்தரைக்கு லேப்டாப்பைத் திறந்தேன். வைஃபை காட்டியது. எந்தப் பக்கமும் திறக்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது.

சரி, பதறக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டியில் ஃபைபர் விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. சிவப்பு இல்லை என்றால் தெருவில் ஒயர் அறுந்துபோகவில்லை. பெட்டியை அணைத்துவிட்டுப் போட்டேன். அதேதான். அதே வைஃபையைப் போனில் போட்டுப் பார்த்தேன், போனிலும் வரவில்லை. அப்படியானால் கோளாறு லேப்டாப்பில் இல்லை. பெட்டியின் செட்டிங்கைப் பார்க்கலாம் என்று அதற்கான பக்கத்தை லேப்டாப்பில் திறந்தால் அதுகூடத் திறக்கவில்லை. இடியில் பெட்டி போய்விட்டது என்றே முடிவு கட்டினேன்.

போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கலாம் என்றால், மூட்டம் போட்டாலே எங்கள் தெருவில் சிக்னல் ஒற்றைக் கோடுதான். பேச்சுக்கு ஆகும், வீடியோ ஓடாது. மணி நெருங்கிவிட்டதால் சென்னைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். எடுத்த பெண், "பதினஞ்சு நிமிஷம் பார்க்கிறோம். அதுக்கு மேல அடுத்தவங்களைக் கூப்பிட்டுடுவோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "என்ன தாயி, வரலையா?"

"நீ செத்த சும்மா இரும்மா."

"பதறாத காரியம் சிதறாதும்பாக. மெல்லப் பாரு."

"மெல்லப் பாக்க அவுக அங்கன காத்துக்கிட்டா இருக்காக?" என்று சீறினேன்.

ரீசெட் செய்துவிடலாம் என்று தோன்றியது. பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஓட்டையில் ஊசியால் அழுத்தினால் எல்லாம் அழிந்து புதிதாகிவிடும். கூடவே நெட் கம்பெனிக்காரன் போட்டுக்கொடுத்த செட்டிங்கும் அழிந்துவிடும். அவன் வந்தால்தான் திரும்ப உயிர் வரும், அவன் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஊரில் யார் ரீசெட்டில் கை வைத்தாலும் காதைத் திருகுகிற ஆள் நான். இப்போது என் சேலையில் இருந்த ஊக்கைக் கழற்றி நிமிர்த்திக்கொண்டு நிற்கிறேன். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஊக்கை ஓட்டைக்குள் விடக் குனிந்தபோது முன்பக்க விளக்குகள் கண்ணுக்கு நேரே வந்தன. எல்லாம் ஒன்றுபோல மினுமினுவென்று அடித்துக்கொண்டிருந்தன. அதில் ஒயரில் மாட்டிய கம்ப்யூட்டர்களுக்கான விளக்குகளும் இரண்டு எரிந்தன. கம்ப்யூட்டர் பரணில் கிடக்கிறது. பிறகு இந்த இரண்டும் யாருக்காக எரிகின்றன?

பின்னால் கையை விட்டுத் துழாவினேன். கம்ப்யூட்டரைக் கழற்றியபோது அதற்கு வருகிற நீல ஒயரை அப்படியே விட்டிருந்தேன். ஒரு நுனி பெட்டியில் இருந்தது, மறு நுனி மேசைக்குப் பின்னால் தொங்கிக் கிடந்தது. இப்போது அந்த மறு நுனியும் அதே பெட்டியில், பக்கத்து ஓட்டையில் அழுத்தமாக மாட்டப்பட்டிருந்தது. பெட்டி அனுப்பியதெல்லாம் அந்த ஒயர் வழியே அதற்கே திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்து, வேறு எதற்கும் இடம் இல்லாமல் திணறிக்கொண்டிருந்தது.

"யாரு இத மாட்டுனது?" என்று கத்தினேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதிலும் ஒரு கேள்வி.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நாந்தான் தாயி. தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. எங்க கம்பெனில திரி முனைய தொறந்து போட்டுட்டு எந்திரிக்க மாட்டோம்ல, பேப்பர் சுத்தி மூடிட்டுத்தான எந்திரிப்போம். இதயும் பாத்துட்டு சும்மா வர மனசு கேக்கல. பக்கத்துல ஓட்ட காலியா இருந்துச்சு, சரியா பொருந்துச்சு."

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. ஒரு நுனியைப் பிடுங்கினேன். விளக்குகள் அடங்கின. அம்மா உடனே முந்தானை நுனியால் அந்த ஒயர் முனையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மேசை ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் நேர்காணல் வீடியோவுக்குள் போனபோது கொடுத்த நேரம் முடியப்போகிற நிலை. திரையில் ஒரு மேடம் இருந்தார். எடுத்த எடுப்பிலேயே, "நெட்வொர்க் சப்போர்ட் வேலைக்கு வர்றீங்க. உங்க வீட்டு நெட்டே நின்னு போச்சா?" என்றார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கரண்ட் இல்லை என்று சொன்னால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எதை எதற்காகச் சோதித்தேன், ஊக்கை எடுத்துக்கொண்டு நின்றது, விளக்கைப் பார்த்தது எல்லாம். அம்மா ஏன் மாட்டினாள் என்பதையும் சொன்னேன்.

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, "அம்மாகிட்ட கத்தினீங்களா?" என்றார்.

"கத்தினேன் மேடம்."

"கஸ்டமர்கிட்ட?"

"மாட்டேன். முதல்ல அம்மாகிட்ட சீறுன நேரத்துல விளக்கைப் பாத்திருந்தா சீக்கிரமே முடிஞ்சிருக்கும்."

அவர் சிரித்ததுபோல் இருந்தது. பிறகு வழக்கமான கேள்விகள். பதில்கள் சுமாராகத்தான் சொன்னேன் என்று எனக்கே தெரியும். முடிந்ததும் அம்மா, "என்னால கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவளைச் சமாதானப்படுத்தக்கூட எனக்குத் தெம்பில்லை.

அடுத்த வாரம் வெயில் நன்றாக அடிக்க ஆரம்பித்தது. தீபாவளி ஆர்டர் குவிந்திருந்ததால் அம்மா தினமும் போனாள். அப்படி ஒரு நாள் மதியம், கடையில் இருந்தபோது சென்னையிலிருந்து மெயில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். சந்தோஷம் வந்த வேகத்திலேயே பயம் வந்தது. அம்மா இனிமேல் போகவேண்டியதில்லை, ஆனால் இந்த நிமிஷம் அவள் அந்த ரூமுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அவளுக்குச் சொல்ல வழியில்லை. பஸ் பிடித்துக் கம்பெனி வாசலுக்கே போய்விட்டேன்.

வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் உள்ளே ஆள் அனுப்பினார். கை முகமெல்லாம் மருந்து படிந்து சாம்பல் நிறத்தில் அம்மா ஓடி வந்தாள். "என்னாச்சு தாயி? யாருக்கு என்னாச்சு?"

"வேல கெடச்சிருச்சும்மா. வா, வீட்டுக்குப் போவோம்."

அவள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு திரும்பித் தன் ரூமைப் பார்த்தாள். "பாதியில வந்தா கூட இருக்கவ ஒத்தையில கெடந்து அல்லாடுவா. நீ போ. பொழுதடைய வந்துர்றேன்."

"அம்மா, வேணாம்மா."

"இன்னைக்கு ஒரு நாத்தான."

அந்த ஒரு நாள் என்ற வார்த்தையைக் கேட்டதும் கம்பி வழியே அவள் கையைப் பிடித்தேன். அவள் வேகமாக உள்ளே போய்விட்டாள். நான் போகவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு கருவேல மரத்தடியில் நின்றேன். உள்ளே ஒரு தகரக் கதவு சாத்தினால்கூட எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. இத்தனை வருஷம் அவளைத் தினமும் அனுப்பிவிட்டு நான் எப்படி டீ குடித்தேன், சிரித்தேன், மற்றவர்கள் பிரிண்டருக்காகச் சண்டை போட்டேன் என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

வேலை விட்டதும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அம்மா கடைசியில், யாரிடமோ பேசிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து வந்தாள். அவள் வாசலைத் தாண்டி ரோட்டில் கால் வைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேல கெடச்சதுக்குப் போயி யாராச்சும் அழுவாகளா?" என்று அம்மா திட்டினாள்.