ஃபேன் ஓடட்டும் என்றேன்

சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் அண்ணன் வீட்டு மேசையில் இரண்டு மைக்குகளை வைத்தேன். ஒன்று அவர் வாய்க்கு நேராக, மற்றொன்று ஃபேனுக்குப் பக்கத்தில். மறுநாள் காலை அவருக்கு அறுவை சிகிச்சை. குரல்வளையை எடுத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஆண்டுக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம். அந்த விருந்தில் கேட்கும்படி அவளை வாழ்த்தி நாலு வார்த்தை பேசிவைக்க வேண்டும், அதுதான் அவருடைய ஆசை. சாங்கியில் விமானச் சரக்குப் பகுதியில் ஆட்களைக் கத்தி வேலை வாங்கியே பழகியவர். வீட்டில் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக் கொடுக்கலாம், அப்படி ஒரு குரல்.

நான் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் சிக்னல் பிராசசிங், அதாவது ஒலியைக் கணினியில் பிரித்துச் சீராக்கும் படிப்பு, படித்துக்கொண்டிருந்தேன். இரைச்சலை நீக்க, தானே கற்றுக்கொள்ளும் வடிகட்டி நிரல் ஒன்றைச் செய்திருந்தேன். ஃபேன் பக்கத்து மைக்கில் விழுவதெல்லாம் இரைச்சல் என்று அது எடுத்துக்கொள்ளும். அதைப் பேச்சிலிருந்து கழித்துக் கழித்துத் தன்னைத் திருத்திக்கொண்டே போகும். “டேய், ஃபேனை ஆஃப் பண்ணிடவா?” என்று கேட்டார் அண்ணன். “வேணாம்ணே, வேர்க்கும். ஓடட்டும்லா, நான் எடுத்துடுறேன்,” என்றேன். அரைகுறைப் படிப்பின் திமிர், வேறென்ன சொல்வது?

இருபது நிமிடம் பேசினார். நடுவில் சிரித்தார், கடைசியில் அழுதார். அந்த முகத்துக்கு முன்னால் ஹெட்ஃபோனை மாட்டிச் சரிபார்க்க எனக்கு மனம் வரவில்லை. வடிகட்டி வெளியே தந்ததை மட்டும் சேமித்தேன். இரைச்சலோடு இருக்கும் மூலப் பதிவு யாருக்கு வேண்டும் என்று அதை வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு வெளியே உட்கார்ந்து கேட்டேன். ஃபேன் சத்தம் சுத்தமாக இல்லை. அண்ணனும் இல்லை. எங்கோ ஒரு கரகரப்பு, ஒரு மூச்சு, அவ்வளவுதான். அந்தச் சின்ன அறையில் அவர் குரல் இரண்டாவது மைக்கிலும் நன்றாக விழுந்திருக்கிறது. வடிகட்டி அவரையும் இரைச்சல் என்று கற்றுக்கொண்டு கழித்துவிட்டது. அது சொன்ன வேலையைச் செய்தது, குற்றம் என்னுடையது.

இன்று வடிகட்டி செய்வதுதான் என் தொழில். எந்த வேலை வந்தாலும், சத்தத்தை முதலில் நிறுத்த முடியுமா என்று கேட்கிறேன். அலுவலகத்தில் சிரிப்பார்கள். அண்ணன் போய் இரண்டு வருஷமாகிறது. என் ஃபோனில் மிஞ்சியிருப்பது சிகிச்சைக்கு முன்பு அவர் அனுப்பிய “எங்கடா இருக்க”, “சோறு இருக்கு, வா” என்று சில வினாடிக் குரல்கள். அவற்றைக் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

சிகிச்சை முடிந்த நாலாம் நாள் அவரிடம் உண்மையைச் சொன்னேன். பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் கட்டிலில் இருந்த சின்ன வெள்ளைப் பலகையை இழுத்து வேகமாக எழுதினார்: “அழாதடா. இன்னொரு தடவ பேசித் தரேன்.”

எழுதிய பிறகுதான் அதை அவரே படித்தார். உள்ளங்கையால் மெதுவாக அழித்தார்.