மகள் பிறக்காத தேதி

திருவொற்றியூரில் எங்கள் மாடி அறையில் பழைய கணினியும் தூளியும் அருகருகே இருந்தன. எண்ணூர் ஆலைகளின் பக்கமிருந்து காற்று திரும்பும் நாட்களில் என் கைக்குழந்தையின் மூச்சில் விசில் போல ஒரு சத்தம் வரும். அதனால்தான் யானைக்கவுனியில் நான் வேலை பார்த்த சிறிய நிறுவனத்தில் கெஞ்சிக் கேட்டு, வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன்.

லாரிகளை நிறுக்கும் எடைமேடையின் எண்களை லினக்ஸ் கணினிக்குள் வாங்கித் தரும் 'டிரைவர்' என்ற நிரலை நான் எழுதியிருந்தேன். எண்கள் இடையிடையே விட்டுப்போயின. அன்று காலை முதலாளி போனில் சொன்னார்: "ஏம்மா, சாயந்தரத்துக்குள்ள சரியாயிருமா? இல்லன்னா நாளைலேர்ந்து ஆபீசுக்கே வந்திரும்மா. வீட்ல இருந்து பாக்கதெல்லாம் சரிப்படாது."

லினக்ஸின் மையமான கெர்னலுக்குரிய மாட்யூல்கள் என்ற துணை நிரல்கள் எல்லாவற்றையும் கம்பைல் செய்தால், அதாவது எழுதியதை இயங்கும் வடிவத்துக்கு மாற்றினால், அந்தக் கணினி அரை நாள் ஓடும். அதன் விசிறி இரைச்சலில் மகளின் மூச்சு எனக்குக் கேட்காது. அதற்காகவே குறுக்கு வழிகள் கற்றிருந்தேன். தேவையற்ற மாட்யூல்களை நீக்கினேன். என் டிரைவர் இருந்த ஃபோல்டரை மட்டும் கம்பைல் செய்தேன். திரையில் ஓடும் வரிகளை ஒரு கோப்பில் போய் விழச் செய்தேன். அவற்றைப் பார்க்கும் நேரத்தில் தூளியைப் பார்க்கலாமே.

மதியம் மின்சாரம் போய் வந்தது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திக் கட்டளை கொடுத்தேன். உடனே முடிந்தது. விசிறிகூட வேகமெடுக்கவில்லை. என் டிரைவர் மாட்யூலை ஏற்றினால் அதே பழைய பிழை. சோதனைக்காக டிரைவர் காட்டும் செய்தியை மாற்றினேன். நான் அழித்த வாக்கியத்தையே அது திரும்பச் சொன்னது. மறுபடி மாற்றினேன். மறுபடி அதே வாக்கியம்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகக் கலங்கியிருந்தது. அழுகிய முட்டை வாடை வந்தது. அறை அவ்வளவு அமைதியாக இருந்தும் விசில் சத்தம் கேட்கவில்லை. எழுந்து மகளின் மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு சூடாகத்தான் இருந்தது. என் விரலின் சூடோ என்று சந்தேகம் வந்து, மறுபடி வைத்தேன்.

கீழ்வீட்டு அக்கா கஞ்சிக் கிண்ணத்தோடு படியேறி வந்தார்.

"இன்னாமா, பொட்டி சத்தமே காணோம்? காலீல அரைச்சிகினே கெடந்துச்சே!"

"வேலை முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுதுக்கா. ஆனா எதையுமே செய்யல."

"எங்க வூட்டுக்காரன் மாரி கீது," என்று சிரித்தவர், தூளியை எட்டிப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "புள்ளய ஒருதபா தூக்கிப் பாருமா. ரொம்ப கம்முனு கீது."

தூக்கிய பிறகே அவள் சிணுங்கினாள். அவளை மடியில் வைத்தபடி, இந்த முறை வரிகளைத் திரையிலேயே ஓட விட்டேன். காலையில் கம்பைல் ஆன கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருப்பதாக ஒரு எச்சரிக்கை வந்தது.

கணினியின் தேதியைக் கேட்டேன். இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஒரு நாளைச் சொன்னது. உள்ளே இருக்கும் வட்ட பேட்டரி செத்துப்போய், மின்சாரம் போனதும் கடிகாரம் பழைய நாளுக்கு விழுந்திருந்தது. நான் திருத்திய கோப்பெல்லாம், காலையில் கம்பைல் ஆனதைவிடப் பழையதாக அதற்குத் தெரிந்தது. பழையதை எதற்குக் கம்பைல் செய்வது என்று விட்டுவிட்டது.

காரணம் புரிந்தும் பயம் தெளியவில்லை. அந்தத் தேதியில் என் மகள் வயிற்றில்கூட இல்லை.

அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேதியைத் திருத்தினேன். கோப்பை மறுபடி சேமித்துக் கட்டளை கொடுத்தேன். விசிறி இரைந்தது. அவள் முதுகில் காதை வைத்தேன். விசில் சத்தம், மெல்லியதாக, கேட்டது. அது நல்லதா கெட்டதா என்று யோசிக்கவில்லை.

எண்கள் ஒன்றும் விட்டுப்போகாமல் வந்தன. "சரிம்மா, வீட்லயே பாரு," என்றார் முதலாளி போனில்.

கடிகாரம் பின்னால் போயிருந்தபோது எழுதிய ஒரு சோதனைக் கோப்பு மட்டும் அந்தப் பழைய தேதியோடு கிடந்தது. வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மகள் இல்லாத அந்தத் தேதி இங்கே கிடக்க வேண்டாம் என்று அழித்தேன். அழித்தது சரிதானா என்று உடனே தோன்ற, திரும்பித் தூளியைப் பார்த்தேன். அது காலியாக ஆடிக்கொண்டிருந்தது. மகள் என் மடியில் இருந்தாள்.