ரூபஸ் பார்க்காத நம்பர்

வானகரத்தில் யார் பழைய பைக் வாங்கினாலும் முதலில் ரூபஸைத்தான் கூப்பிடுவார்கள். சேசிஸ் நம்பரைத் துடைத்துப் படித்து, போனில் போலீஸ் இணையதளத்தில் தட்டி, திருட்டு வண்டியா என்று பார்த்துச் சொல்லிவிடுவான்.

மச்சான் லிபின் ஒரு பைக்கை விற்க வந்தபோதும் ரூபஸ் போனை எடுத்தான். அவன் மனைவி ஹெலினாவின் முகம் சுருங்கியது. "எங்க அண்ணன் இன்னா திருடனா?"

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பாழாய்ப்போன மரியாதை! வண்டியை வாங்கி, நேராகக் கோயிலுக்கு ஓட்டிப்போய் ஃபாதரிடம் மந்திரித்துக்கொண்டு வந்தான்.

பாடி மேம்பாலத்துக்குக் கீழே போலீஸ் மடக்கிச் சோதித்தது. திருட்டு வண்டி. லிபினின் போன் சுவிட்ச் ஆஃப்.

ஸ்டேஷன் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தவனிடம் ஹெலினா வந்து நின்றாள்.

"ஊரான் வண்டியெல்லாம் பாத்தியே, இத்த மட்டும் ஏன்யா பாக்கல?"