அக்காவின் கையும் தம்பியின் கத்தியும்

கடைவீதியில் மேசை போட்டுக் கத்தி விற்கும் அவனுக்கு வாய்தான் மூலதனம். "வெண்ணெய் மாதிரி வெட்டும், வாங்க!" என்று கூவிக்கொண்டே தக்காளியைக் காகிதம் போலச் சீவித் தள்ளுவான். விலையும் மலிவு, கூட்டம் அள்ளிக்கொண்டு போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனான். அவனிடம் வாங்கிய கத்தியை வைத்துக்கொண்டு அக்கா தக்காளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தோல் அறுபடவே இல்லை. பழம் நசுங்கிச் சாறு பலகையில் ஓடியது.

"தம்பி கையில பறக்குற கத்தி உன் கையில மட்டும் படுத்துக்குதே!" என்று மாமா கிண்டலடித்தார். "இவளுக்குக் கத்தி பிடிக்கக் கத்துக்கொடு மாப்ள."

"ஆமாடா, என் கைதான் சரியில்ல," என்றாள் அக்கா, தலை நிமிராமல். "எப்படிப் பிடிக்கணும்னு காட்டு."

கத்தியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தான். கூர் மழுங்கிக் கிடந்தது. சிரித்து மழுப்பியிருக்கலாம்தான். அக்காவின் குனிந்த தலையைப் பார்த்த பிறகு அது முடியவில்லை.

"உன் கையில ஒரு குறையும் இல்லக்கா. கத்திதான் மட்டம். ஒரு வாரம்கூடக் கூர் நிக்காது. நான் கடையில வெட்டிக் காட்டுற கத்தியைத் தினமும் தீட்டிட்டுத்தான் எடுத்துட்டுப் போறேன்."

மாமாவின் சிரிப்பு அடங்கியது. அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை.

"என் தம்பி விக்கிற கத்தின்னு பெருமையாச் சொல்லி இந்த மாடியில இருக்கிற எல்லா வீட்டுக்காரங்களையும் வாங்க வச்சேனேடா," என்றாள். "பாவம், அவங்களும் அவங்க கையைத்தான் குறை சொல்லிக்கிட்டு இருப்பாங்க."

எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்று தெரியாமல் அவன் கத்தியும் கையுமாக நின்றான்.