சுருங்காத அஞ்சு ரெசிஸ்டர்

சால்டரிங் பண்ணும்போது வருமே ஒரு புகை... அந்த வாசம்தான் எனக்கு பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம்.

எனக்கு ஊர் திருவேங்கடம். கூடப் படிச்ச முத்துலட்சுமிக்கு குருவிகுளம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணா உக்காந்து படிச்சிட்டுத்தான் ஆளுக்கொரு பஸ் ஏறுவோம்.

"ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணுன்னா சீரிஸ், அப்படியே கூட்டு; ரெண்டு முனையும் சேந்து நின்னா பேரலல், தலைகீழாக்கிக் கூட்டு; கடைசில ஒரே ரெசிஸ்டர்தான் நிக்கும்"னு சார் நடத்தியிருந்தாவ. எந்தப் படத்தையும் சுருக்கிருவோம்னு எங்களுக்கு அப்படி ஒரு தெம்பு.

அப்பதான் அந்தக் கணக்கு வந்துது. டைமண்ட் மாதிரி நாலு ரெசிஸ்டர். குறுக்க ஒண்ணு.

"ஏட்டி, நடுவுல கெடக்கது எதுகூட சீரிஸ்?"ன்னு கேட்டேன்.

"மேல உள்ளது கூட."

"அந்த முனைல இன்னொரு கம்பி பிரியுதுல்லா?"

"அப்போ பேரலல்..."

"ரெண்டு முனையும் சேரலையேட்டி!"

படத்தைத் திருப்பி வரைஞ்சோம், இழுத்து வரைஞ்சோம். பஸ்ஸுதான் போச்சு.

முத்து அழுதுட்டா. அரியர் விழுந்தா படிப்பை நிறுத்திட்டு மாமா மகனுக்குக் கட்டி வச்சிருவேன்னு அவ அப்பா சொல்லியிருந்தாவ. "எனக்கு மட்டுந்தான் மண்டைல ஏறல மக்கா"ன்னா. எனக்கும் ஏறலன்னு சொன்னா நம்பல.

மறுநாள் கிளாஸ்ல எந்திரிச்சுக் கேட்டுட்டா. சார் சாதாரணமா சொன்னாவ: "அது சுருங்காதும்மா. சீரிஸும் இல்ல, பேரலலும் இல்ல. முக்கோணத்தை நட்சத்திரமா மாத்துற ஸ்டார்-டெல்டா போடணும், இல்ல கரன்ட் சுத்துற ஒவ்வொரு லூப்புக்கும் ஈக்வேஷன் போடணும்."

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா சார்?"

சார் சிரிச்சாவ.

பரீட்சைலயும் அதே டைமண்ட். லூப் போட்டா முத்து. வெளிய வந்தவ முகம் வெளிறிக் கெடந்துது. "நடுவுல கரன்ட் ஜீரோன்னு வருதுட்டி... தப்பாயிட்டு."

எனக்கும் ஜீரோதான். ரெண்டு பேரும் சரியா, ரெண்டு பேரும் தப்பா... ஒண்ணும் விளங்கல. ரிசல்ட் வார வரைக்கும் அவ சரியா சாப்பிடல.

ரெண்டு பேரும் பாஸ். அப்புறந்தான் சார் சொன்னாவ, இடது பக்க ரெண்டும் வலது பக்க ரெண்டும் ஒரே விகிதம்னா நடுவுல கரன்ட் ஓடாதாம். நடுவுல உள்ளத எடுத்துட்டா மிச்சம் சுருங்கிருமாம்.

சுருங்காதுன்னீங்க, இப்போ சுருங்குங்கீங்க... மறுபடி குழப்பம்!

முத்து இப்போ கோயம்புத்தூர்ல பேனல் போர்டு கம்பெனில இன்ஜினியர். கல்யாணம் அவ இஷ்டப்படிதான் நடந்துது.

இப்பல்லாம் ஒண்ணு புரியலன்னா போன்ட்ட கேக்கேன். நொடில பதில் வந்துருது. நல்லதுதான்...

பக்கத்துல உக்காந்து சேந்து குழம்பத்தான் ஆளில்ல.