மழை வீட்டுக்கு ஒரு பொட்டு

வாளியை ஓரமாக வைத்துவிட்டு, ஃபினாயில் பாட்டில்களுக்குப் பின்னாலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள் பூவாத்தாள். வெள்ளிக்கிழமை. மைசூரின் அந்தப் பழைய பங்களா ஓவியக்கூடம் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பெரிய படத்தின் அடிச்சட்டத்தில் மஞ்சளைத் தடவி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்தாள். அவளைப் பொறுத்தவரை அந்தச் சட்டம்தான் அந்த வீட்டின் நிலைப்படி.

படத்தில் இருப்பது ஒரு விசித்திரமான வீடு. பாறை நுனியில், பாதி கல்லும் பாதி மரமுமாக, ஒரு பக்கம் கோபுரம் முளைத்து நிற்கிறது. மேலே வானம் கன்னங்கரேலென்று திரண்டிருக்கிறது. ஏதோ ஒரு சீமையில் ஏதோ ஒரு வெள்ளைக்காரர் வரைந்தது. சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் தலையைச் சாய்த்து ‘ஆஹா’ என்றுவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு போவார்கள். பூவாத்தாளின் கவலை வேறு.

“இத்தாப்பெரிய மழ வருது, கதவு தொறந்தே கெடக்குதுங்க. உள்ள ஆளு இருக்குதோ என்னமோ!”

ஐம்பத்தைந்து வயது, மார்டள்ளி என்ற கிராமத்துக்காரி. தன் துடைப்பத்தை யாருக்கும் இரவல் தரமாட்டாள். வானம் இருட்டினால் போதும், யாரும் சொல்லாமலே ஜன்னல்களைச் சாத்திவிடுவாள். நெற்றியில் வெறும் திருநீறு. கணவன் போய்ப் பதினாறு வருஷமாகிறது. அதற்குப் பிறகு மைசூரில் கூட்டிப் பெருக்கியே மார்டள்ளியில் ஒரு வீடு கட்டினாள். அதற்கு நிலை வைத்த அன்று மஞ்சள் குங்குமத் தட்டைத் தூக்கியவளைத் தம்பி தடுத்தான்.

“அக்கா, நீ சித்த ஓரமா நில்லு. கனகா வெக்கட்டும்.”

கனகா அவன் பெண்டாட்டி. பூவாத்தாள் தட்டைக் கொடுத்துவிட்டுச் செங்கல் குவியல் பக்கம் போய் நின்றாள். கேட்கிற நமக்கு வயிறு எரிகிறது. அவளோ குரலைக்கூட உயர்த்துவதில்லை. “சாங்கியம்னு ஒண்ணு இருக்குதில்லீங்க” என்பாள். இன்றுவரை அந்த நிலையில் அவள் ஒரு பொட்டு வைத்ததில்லை.

படத்திலிருக்கும் இந்த மழை வீட்டில் அவளை ஓரமாக நிற்கச் சொல்ல யாரும் இல்லை. இரண்டு வருஷமாக வெள்ளி தவறாமல் வைக்கிறாள். கூடம் திறப்பதற்குள் துடைத்தும் விடுவாள்.

அன்று நிர்வாகம் பார்க்கும் ஸ்ரீதேவி சீக்கிரமே வந்துவிட்டாள்.

“இது என்ன வேலை பூவாத்தாம்மா? எவ்ளோ பழைய படம், கொத்தா, தெரியுமா? மேல இருக்கறவங்க பார்த்தாங்கன்னா உங்க வேலை போயிடும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

பூவாத்தாள் ஈரத்துணியை எடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஸ்ரீதேவிக்கு மனசு கேட்கவில்லை.

“பொட்டு வைக்கணும்னா உங்க சொந்த வீட்டு வாசல்ல வைங்களேன். யார் கேக்கப் போறாங்க?”

துணி சட்டத்தின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சிவப்பு முழுக்கப் போகும்வரை நிதானமாகத் துடைத்தாள். பொட்டலத்தை மடித்தாள். ஃபினாயில் பாட்டில்கள் பக்கம் அவள் போகவில்லை. இடுப்பில் செருகியிருந்த பர்ஸைத் திறந்து, மார்டள்ளி வீட்டுச் சாவிக்குப் பக்கத்தில் பொட்டலத்தை வைத்து, ஜிப்பை மூடினாள்.